தீர்ப்பு வென்ற ஊரில் ஐந்தாண்டு பூட்டிக் கிடந்த பள்ளிகள்

1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த பிரவுன் தீர்ப்பைப் பள்ளிப் பாடமாகப் படித்தவர்களுக்கு அதன் சாரம் தெரியும். அரசுப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் பிரித்து வைப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அது ஒரு வழக்கு அல்ல, ஐந்து வழக்குகளின் தொகுப்பு என்பது பலருக்குத் தெரியாது. கான்சஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் ஆகிய ஐந்து இடங்களிலிருந்து வந்தவை அவை. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வந்த வழக்குக்கு அடிப்படையாக அமைந்தது மாணவர்களே நடத்திய ஒரு வேலைநிறுத்தம். அந்த மாணவர்கள் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். வென்ற பிறகு அவர்களின் தம்பி தங்கைகள் ஐந்தாண்டுகள் அரசுப் பள்ளியே இல்லாமல் இருந்தார்கள். கலந்து படிக்க வைப்பதைவிடப் பள்ளிகளை மூடிவிடுவதே மேல் என்று கவுண்டி நிர்வாகம் முடிவு செய்ததுதான் காரணம்.

சிவில் உரிமைப் போராட்டத்தில் ஒரு தீர்ப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று புரிந்துகொள்ள இந்த ஒரு கவுண்டியின் கதை போதும் என்று நினைக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், லூசியானா மாநில ரயில்களில் இனவாரியாகத் தனிப் பெட்டி வைப்பது செல்லும் என்றது. வசதி சமமாக இருந்தால் பிரித்து வைப்பதில் தவறில்லை என்பது வாதம். தென் மாநிலங்கள் இதிலிருந்து பிரித்து வைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டன. சமத்தை யாரும் சீந்தவில்லை. தென் கரோலினாவின் கிளாரெண்டன் கவுண்டியில் 1949-50 கல்வியாண்டில் ஒரு வெள்ளையினக் குழந்தைக்கு 179 டாலரும் ஒரு கறுப்பினக் குழந்தைக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. வெள்ளையினப் பிள்ளைகளுக்கு முப்பது பள்ளிப் பேருந்துகள் ஓடின. எண்ணிக்கையில் அவர்களைவிட அதிகமாக இருந்த கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை.

பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் தலைமை ஊர் ஃபார்ம்வில். புகையிலை விளையும் பகுதி. கறுப்பின மாணவர்களுக்கான ராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி 1939இல் 180 பேர் படிப்பதற்காகக் கட்டப்பட்டது. 1950 வாக்கில் அங்கே 450 பேருக்கு மேல் படித்தார்கள். நெருக்கடியைத் தீர்க்கக் கவுண்டி நிர்வாகம் செங்கல் கட்டடம் எழுப்பவில்லை. மரச் சட்டங்களில் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைப் பள்ளி வளாகத்தில் நிறுத்தியது. குளிர்காலத்தில் ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு கணப்பு அடுப்பு. அதன் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வெக்கை, மூலையில் உட்கார்ந்தவர் மேலங்கியைக் கழற்றவே முடியாது. மழை பெய்தால் கூரை ஒழுகும், சில மாணவர்கள் குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்டார்கள். இடம் போதாமல் அரங்கத்திலேயே ஒரே நேரத்தில் பல வகுப்புகள் நடந்தன. நின்றுகொண்டிருந்த பள்ளிப் பேருந்துக்குள்ளும் ஒரு வகுப்பு நடந்தது. உடற்பயிற்சிக் கூடமும் இல்லை, உணவுக்கூடமும் இல்லை. அதே ஊரில் வெள்ளையினர் படித்த உயர்நிலைப் பள்ளியில் இவை எல்லாம் இருந்தன.

பார்பரா ஜான்ஸ் அங்கே படித்த பதினாறு வயது மாணவி. பள்ளியின் நிலையைப் பற்றித் தன் இசை ஆசிரியையிடம் குறைபட்டுக்கொண்டபோது, "அதற்கு நீ ஏதாவது செய்யலாமே" என்று அவர் சொன்ன பதில் மனத்தில் தைத்ததாகப் பின்னாளில் பார்பரா எழுதினார். இன்னொரு நாள் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றிருந்தபோது, வெள்ளையின மாணவர்களின் பேருந்து பாதிக்கு மேல் காலியாக அவரைக் கடந்து போனது. பார்பரா சில மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டமிட்டார். பெற்றோருக்குத் தெரியாது. ஆசிரியர்களுக்கும் தெரியாது.

1951 ஏப்ரல் 23. ஊர்ப் பேருந்து நிலையத்தில் நம் மாணவர்கள் காவல்துறையிடம் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் பதறிப்போய்க் கிளம்பினார். அவர் அந்தப் பக்கம் போனதும், எல்லாரும் அரங்கத்துக்கு வர வேண்டும் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டது போன்ற சீட்டுகள் வகுப்பு வகுப்பாகப் போயின. திரை விலகியபோது மேடையில் தலைமையாசிரியர் இல்லை, பார்பரா நின்றிருந்தார். ஆசிரியர்களை வெளியேறும்படி கேட்டுக்கொண்டார். புதிய பள்ளி கிடைக்கும்வரை வகுப்புக்குத் திரும்பப் போவதில்லை என்று அறிவித்தார். சிறையில் போட்டுவிடுவார்களே என்ற அச்சம் எழுந்தபோது, நம் எல்லாரையும் அடைக்க இந்த ஊர்ச் சிறையில் இடம் ஏது என்று அவர் கேட்டதாக அங்கே இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். அரங்கத்தில் இருந்த பிள்ளைகள் எழுந்து வெளியே நடந்தார்கள்.

மாணவர்கள் கேட்டது ஒழுங்கான ஒரு பள்ளிக்கூடம். இனப் பிரிவினையை ஒழிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்த இடத்துக்கு வழக்கைக் கொண்டுபோனது கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. என்ற அமைப்பின் வர்ஜீனிய வழக்கறிஞர்களான ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் ஆகிய இருவரும்தான். போராட்டத்தைக் கைவிடச் சொல்லும் எண்ணத்தோடுதான் அவர்கள் ஃபார்ம்வில்லுக்கு வந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் உறுதியைப் பார்த்து மனம் மாறினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: நல்ல கட்டடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம், பிரித்து வைக்கும் முறையையே எதிர்ப்பதாக இருந்தால் வருகிறோம், அதற்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஊரின் முதல் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூட்டம் கூடியது. போதகர் பிரான்சிஸ் கிரிஃபின் பிள்ளைகளின் பக்கம் நின்றார். பெற்றோர் சம்மதித்தார்கள். மே மாதம் வழக்கு பதிவானது. மனுதாரர்கள் 117 மாணவர்கள்.

அந்த நிபந்தனைக்குப் பின்னால் இருபது ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதன் மூளை சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். கறுப்பினத்தவருக்கான ஹவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியை 1930களில் பயிற்சிப் பட்டறையாக மாற்றி, தர்குட் மார்ஷல் முதலான ஒரு தலைமுறை வழக்கறிஞர்களை உருவாக்கியவர். ஆலிவர் ஹில்லும் ராபின்சனும் அங்கே படித்தவர்கள்தான். ஹூஸ்டன் கேமராவை எடுத்துக்கொண்டு தென் கரோலினாவின் கிராமங்களுக்குப் போய் இரு இனத்தாரின் பள்ளிக்கூடங்களையும் படம்பிடித்தவர். தொடக்கப் பள்ளியில் கைவைத்தால் ஊரே கொதித்தெழும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே மேற்படிப்பிலிருந்து தொடங்கினார். ஒரே ஒரு கறுப்பின மாணவருக்காக ஒரு மாநிலம் தனிச் சட்டக் கல்லூரி கட்ட வேண்டுமென்றால் கஜானா தாங்காது. அது போதாதென்று, சட்டக் கல்லூரியின் தரம் என்ன என்பதை நீதிபதிகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1936இல் மேரிலாந்து, 1938இல் மிசௌரி என்று வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வென்றன. 1950இல் வந்த மெக்லாரின் வழக்கு என்னை எப்போதும் உலுக்குவது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் அந்தக் கறுப்பின முதுநிலை மாணவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் அவரை உட்கார வைத்தது. நூலகத்தில் அவருக்கு ஒதுக்குப்புறமாகத் தனி மேசை, உணவுக்கூடத்தில் சாப்பிடத் தனி நேரம். அதே ஆசிரியர், அதே பாடம், அதே புத்தகம். வசதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் இது சமம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பிரிப்பதே தீங்கு என்ற வாதத்துக்கு அன்றைக்கே வாசல் திறந்துவிட்டது. அந்தத் தீர்ப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே ஆண்டு ஏப்ரலில், ஹூஸ்டன் காலமாகியிருந்தார்.

வழக்கறிஞர்கள் தந்தது அறிவு என்றால், மனுதாரர்கள் தந்தது வாழ்க்கை. கிளாரெண்டன் கவுண்டியில் பேருந்து கேட்டுத் தொடங்கிய கோரிக்கைதான் பிரிக்ஸ் வழக்காக வளர்ந்தது. மனுவில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலைய வேலையை இழந்தார். விடுதியில் பணிப்பெண்ணாக இருந்த அவர் மனைவி இலைசாவும் வேலையை இழந்தார். மக்களைத் திரட்டிய போதகர் ஜோசப் டிலெய்னின் வீடு எரிந்து சாம்பலானது. பிறகு அவருடைய தேவாலயமும் எரிக்கப்பட்டது. வீட்டின்மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவர் திருப்பிச் சுட்டார். வழக்கு அவர்மீதுதான் பாய்ந்தது. நியூயார்க்குக்குத் தப்பிப்போன அவர் மறுபடி தன் மாநிலத்தில் வாழ முடியவே இல்லை. அந்தப் பிடியாணை நீக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில், அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலான பிறகு. ஃபார்ம்வில்லில் மோட்டன் பள்ளித் தலைமையாசிரியரின் பணி புதுப்பிக்கப்படவில்லை. பார்பராவுக்கு ஆபத்து என்று அஞ்சிய பெற்றோர், அலபாமாவின் மாண்ட்கமரியில் போதகராக இருந்த, தந்தையின் சகோதரர் வெர்னன் ஜான்ஸின் வீட்டுக்கு அவரை அனுப்பி வைத்தார்கள்.

வர்ஜீனிய வழக்கை 1952இல் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிரித்துப் படிக்க வைப்பதால் எந்த இனத்துக்கும் காயமோ தீங்கோ இருப்பதாக நாங்கள் காணவில்லை என்று அந்த நீதிபதிகள் எழுதினார்கள். வசதிகளை மட்டும் சமமாக்கும்படி உத்தரவிட்டார்கள். கவுண்டி நிர்வாகம் அவசர அவசரமாக ஒரு புதிய மோட்டன் பள்ளியைக் கட்டி 1953இல் திறந்தது. மாணவர்கள் முதலில் கேட்டது இதைத்தான். வழக்கைக் கைவிட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர்கள் கைவிடவில்லை.

பிரவுன் தீர்ப்பின் வாசகங்கள் பலமுறை எழுதப்பட்டவை. அதில் நீள நிற்கத் தேவையில்லை. கான்சஸ் வழக்கில் இரு இனத்தாரின் பள்ளிகளும் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்ததால், கட்டடத்தையும் புத்தகத்தையும் காட்டித் தப்பிக்கும் வழி அடைபட்டு, பிரிப்பதே சமமின்மைதானா என்ற கேள்விக்கு நீதிமன்றம் நேராகப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆம் என்று சொன்னது. எப்போது, எப்படி நிறைவேற்றுவது என்பதை மட்டும் ஓராண்டு தள்ளிப்போட்டது. 1955 மே 31 அன்று வந்த இரண்டாம் தீர்ப்பு, நிதானமான விரைவோடு செய்க என்று சொல்லி, பொறுப்பை உள்ளூர்க் கல்வி வாரியங்களிடமும் கீழ் நீதிமன்றங்களிடமும் ஒப்படைத்தது. நாள் குறிக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே! இத்தனை காலம் பிரித்து வைத்தவர்களிடமே பிரிவினையை ஒழிக்கும் வேலையையும் கொடுத்தது அந்த நீதிமன்றம் செய்த பெரும் பிழை என்பதே என் கருத்து.

விளைவு உடனே தெரிந்தது. வர்ஜீனிய செனட்டர் ஹாரி பேர்ட் மாநிலம் தழுவிய எதிர்ப்புக்கு அழைப்பு விடுத்தார். 1956 மார்ச்சில் தென் மாநிலங்களின் செனட்டர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் நூறு பேர் அளவில் கையெழுத்திட்டுத் தீர்ப்பைக் கண்டித்தார்கள். ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் 1957இல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளிக்குள் நுழைவதற்கு அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. உலகம் அந்தப் புகைப்படங்களைப் பார்த்தது. பிரின்ஸ் எட்வர்டில் நடந்ததற்கு அப்படிப்பட்ட புகைப்படம் எதுவும் இல்லை. அங்கே நடந்தது ஒரு வரவுசெலவுத் தீர்மானம்.

1959 செப்டம்பருக்குள் பள்ளிகளில் இரு இனத்தாரையும் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் மாதம் கவுண்டி மேற்பார்வைக் குழு கூடி, அரசுப் பள்ளிகளுக்கு ஒரு காசும் ஒதுக்குவதில்லை என்று முடிவெடுத்தது. அவ்வளவுதான். செப்டம்பரில் ஒரு பள்ளியும் திறக்கவில்லை. வெள்ளையினப் பிள்ளைகளுக்காகத் தயாராக இருந்த தனியார் பள்ளி அமைப்பு தேவாலயங்களிலும் கிடைத்த கட்டடங்களிலும் வகுப்புகளைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அவர்களின் கட்டணத்துக்கு அரசுப் பணத்திலிருந்தே உதவித்தொகையும் நன்கொடையாளர்களுக்கு வரிச் சலுகையும் கிடைத்தன. ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை.

வசதி உள்ளவர்கள் பக்கத்துக் கவுண்டியில் உறவினர் வீட்டில் பிள்ளைகளை விட்டார்கள். உயர்நிலை வகுப்பு மாணவர்கள் சிலரைப் போதகர் கிரிஃபின் வட கரோலினாவின் கிட்ரல் கல்லூரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். குவேக்கர் சமயத்தாரின் சேவை அமைப்பு சில பத்துப் பேரை வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களோடு தங்கிப் படிக்க வைத்தது. பதினைந்து பதினாறு வயதில் அம்மா அப்பாவை விட்டு, மாதக்கணக்கில் வீட்டுக்கு வராமல் படித்த பிள்ளைகள் அவர்கள். மிச்சமிருந்தவர்கள், அதாவது பெரும்பாலானவர்கள், புகையிலைக் காட்டுக்கு வேலைக்குப் போனார்கள். ஐந்து வயதில் முதல் வகுப்புக்காகக் காத்திருந்த குழந்தை ஒன்பது வயதிலும் எழுத்தறியாமல் இருந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகக் கடினமாகத் தோன்றும் கட்டம் ஒன்று உண்டு. வெள்ளையினத் தலைவர்கள் சிலர் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் ஒரு தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று முன்வந்தார்கள். சவுத்சைடு ஸ்கூல்ஸ் என்று பெயர். அதை ஏற்றால் தனித்தனிப் பள்ளிகளுக்குத் தாங்களே சம்மதம் தந்ததாகிவிடும், நீதிமன்றத்தில் வழக்கின் முதுகெலும்பு முறியும். பெற்றோர் மறுத்தார்கள். ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்தது. தேவாலயங்களின் நிலவறைகளில் நடந்த பயிற்சி மையங்களைக்கூட, பள்ளிக்கு மாற்று என்று யாரும் சொல்லிவிடாதபடி எச்சரிக்கையாகச் சில மணி நேரம் மட்டும் நடத்தினார்கள். கொள்கையில் நிற்பதற்கான விலை தன் கணக்கில் போவது ஒன்று, தன் பிள்ளையின் கணக்கில் போவது வேறு. அந்தப் பெற்றோரின் முடிவைத் தீர்ப்பிடும் தகுதி நமக்கு இல்லை. அவர்களை அந்த நிலைக்குத் தள்ளிய மேற்பார்வைக் குழுவைத் தீர்ப்பிடலாம்.

1963 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, உலகில் இலவசப் பொதுக்கல்வி இல்லாத இடங்களின் சிறு பட்டியலில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியையும் சேர்த்து வெளிப்படையாகச் சாடினார். அந்தக் கோடையில் ஃபார்ம்வில் இளைஞர்கள் தெருவில் இறங்கிக் கைதானார்கள். செப்டம்பரில் கூட்டாட்சி அரசின் முயற்சியாலும் தனியார் நன்கொடையாலும் இலவசப் பள்ளி அமைப்பு ஒன்று ஓராண்டுக்கு மட்டும் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,500 பிள்ளைகள் வந்தார்கள். தொடக்கத்தில் அவர்களில் வெள்ளையினத்தவர் நான்கு பேர். யார் எந்த வகுப்பு என்று பிரிக்கவே வழியில்லாததால், வகுப்பு எண்ணை விட்டுவிட்டு அவரவர் அறிந்த அளவுக்கேற்பக் குழுக்களாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1964 மே 25 அன்று கிரிஃபின் வழக்கில் உச்ச நீதிமன்றம், வெள்ளையினரின் தனியார் பள்ளிகளுக்கு உதவிக்கொண்டே அரசுப் பள்ளிகளை மூடுவது சட்டவிரோதம் என்றது. நிதானமான விரைவுக்கான காலம் தீர்ந்துவிட்டது என்று நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதினார். தேவைப்பட்டால் வரி விதித்துப் பள்ளி நடத்தும்படி கவுண்டிக்குக் கீழ் நீதிமன்றம் ஆணையிடலாம் என்பதுதான் தீர்ப்பின் உயிர்நாடி. செப்டம்பரில் பள்ளிகள் திறந்தன. பெரும்பாலான வெள்ளையினப் பிள்ளைகள் தனியார் பள்ளியிலேயே தங்கிவிட்டார்கள். பள்ளி இழந்த தலைமுறைக்கு வர்ஜீனிய மாநிலம் கல்வி உதவித்தொகைத் திட்டத்தைச் சட்டமாக்கியது 2004இல். அப்போது அவர்களில் பலர் ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார்கள்.

மற்ற தென் மாநிலங்களில் நிலைமையை மாற்றியது எது? பிரவுன் தீர்ப்பு வந்து பத்தாண்டுக்குப் பின், 1964இல், தென்பகுதியில் வெள்ளையினர் பெரும்பான்மையாகப் படித்த பள்ளிகளில் இருந்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு 2.3 பேர்தான். 1968இல் அது 23.4 ஆனது. இடையில் நடந்தவை இரண்டு. பாகுபாடு காட்டும் பள்ளிக்குக் கூட்டாட்சிப் பணம் கிடையாது என்று 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் சொன்னது. அடுத்த ஆண்டே வந்த கல்விச் சட்டம் பள்ளிகளுக்குப் பெரும் பணத்தை ஒதுக்கியது. பணம் வேண்டுமென்றால் கதவைத் திறக்க வேண்டும். பிரின்ஸ் எட்வர்டில் பள்ளிகளைப் பூட்டியதும் நிதிதான், பிற இடங்களில் திறந்ததும் நிதிதான். அந்தச் சட்டங்களை வரவழைத்தது, தெருவில் அடிபட்ட மக்கள் இயக்கம்.

திறந்த விதத்திலும் அநீதி இருந்தது. இரு பள்ளிகளை ஒன்றாக்கும்போது மூடப்பட்டது பெரும்பாலும் கறுப்பினத்தவரின் பள்ளிதான். 1954 முதல் 1965 வரையில் பதினேழு மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளை நம்பிக்கையோடு வளர்த்த ஆசிரியர்கள் அவர்கள். இந்த இழப்பு இன்னும் ஈடுசெய்யப்படவில்லை.

வடக்கில் கதை வேறு. அங்கே பிரித்தது சட்டப் புத்தகம் அல்ல, குடியிருப்பு. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளையும் புறநகர்ப் பள்ளிகளையும் இணைத்துத்தான் பிரிவினையைப் போக்க முடியும் என்ற திட்டத்தை, 1974இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிராகரித்தது. புறநகர்கள் தவறு செய்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். அப்போது அதே நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த தர்குட் மார்ஷல் கடுமையாக மாறுபட்டு எழுதினார். எல்லைக்கோட்டைத் தாண்டிக் குடியேறிவிட்டால் தீர்ப்பு துரத்தாது என்பது உறுதியானது. 1991இல் ஓக்லஹோமா நகர வழக்கில், ஒருமுறை ஒழுங்காக நிறைவேற்றிய கல்வி வாரியத்தை நீதிமன்றக் கண்காணிப்பிலிருந்து விடுவிக்கலாம் என்றும் ஆனது. வெள்ளையினர் பெரும்பான்மையாகப் படித்த பள்ளிகளில் இருந்த கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் தென்பகுதியில் 1988இல் நூற்றுக்கு 43.5 வரை ஏறியிருந்தது, அதன்பின் இறங்கத் தொடங்கியது.

கூட்டாட்சி நீதிமன்றங்களின் கதவு ஒடுங்கியதும் வழக்கறிஞர்கள் மாநில அரசமைப்புச் சட்டங்களின் பக்கம் திரும்பினார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் 1989இல் தொடுக்கப்பட்ட ஷெஃப் வழக்கில், பிரிவினை திட்டமிட்டு உண்டாக்கப்பட்டதா என்பது முக்கியமல்ல, அதைப் போக்குவது மாநிலத்தின் கடமை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. நகரமும் புறநகரும் சேர்ந்து படிக்கும் சிறப்புப் பள்ளிகள் அங்கே உருவாயின. எத்தனை பிள்ளைகளுக்கு இடம், யார் செலவு செய்வது, எந்த ஆண்டுக்குள் என்பதையெல்லாம் இரு தரப்பும் மறுபடி மறுபடி பேசி, முழுமையான உடன்பாட்டுக்கு வந்தது 2022இல்.